அரை வண்டி

முகிலனின் வீட்டுக்குள் பாம்பு நுழைந்தபோது, அவர் புதிய ஆணையரின் முன்னால் நின்று, இந்த நகரத்தில் இப்போது யாருமே சிக்னலில் காத்திருப்பதில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

அவர் பொய் சொல்லவில்லை. திரையில் இருந்த எண்கள் அப்படித்தான் சொல்லின. கிளைச் சாலைகளில் சராசரிக் காத்திருப்பு ஏறக்குறைய பூஜ்யம். சாலை ஒழுங்கு ஆணையத்தின் இணை இயக்குநர் என்ற முறையில் இந்த எண்களுக்காக முகிலன் போன வருடம் கேடயம் வாங்கியிருந்தார். அது அவர் மேசைமேல் காகிதங்கள் பறக்காமல் பார்த்துக்கொண்டது.

ஆணையர் சம்யுக்தா வேறு மாவட்டத்திலிருந்து அந்த வாரம்தான் மாற்றலாகி வந்திருந்தார். ஊர் பிடிபடும்வரை கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பது அவர் வழக்கம்.

“இந்த ‘சீர்’ வண்டிகளை எப்படி எண்ணுது?”

சீர் என்பது நகரத்தின் எல்லா சிக்னல்களையும் நடத்தும் இயந்திரம். எல்லா வண்டிகளும் மின்வண்டிகள். சிக்னல் சிவப்பில் இருந்தால் வண்டியின் மோட்டாரே சுழலாது. அதனால் சிக்னலை மீறுவது என்ற குற்றமே வழக்கொழிந்து, போக்குவரத்துக் காவலர்கள் கொஞ்சம் இளைத்துப்போயிருந்தார்கள்.

“ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மதிப்பு உண்டு மேடம். கார் ஒண்ணு. பஸ் மூணு. டூவீலர் அரை.”

“டூவீலர் ஏன் அரை?”

“ரோட்டுல அது அடைக்கிற இடம் கார்ல பாதின்னு ஒரு கணக்கு. நான் போட்டதில்லை. எங்க தாத்தா காலத்து இன்ஜினியருங்க ரோட்டு அகலத்தை முடிவு பண்றதுக்குக் காகிதத்துல போட்டது. எல்லா வண்டியையும் காரா மாத்தி எண்ணுவாங்க. மாட்டு வண்டிக்குக்கூட ஒரு மதிப்பு இருந்துச்சு.”

“எவ்வளவு?”

“ஆறோ எட்டோ, மேடம்.”

“சரி. தனியா ஒரு பைக் வந்து நின்னா என்ன ஆகும்?”

“திறக்காது. குறைஞ்சது ஒரு வண்டி நின்னாத்தான் சிக்னல் திறக்கும். ஆனா பிரச்சினை இல்ல, இன்னொரு பைக் வந்துட்டா அரையும் அரையும் ஒண்ணாயிடும். ரெண்டும் சேர்ந்து போயிடலாம்.”

“அது வரைக்கும் அவர் நிக்கிறாரே, அந்த நேரம் இந்தக் கணக்குல வருதா?”

“நிக்கிற வண்டியை சீர் முழு எண்ணாத்தான் எடுக்கும் மேடம். அரையை வந்து…”

“பூஜ்யமாக்கிடும்,” என்றார் ஆணையர்.

அந்த நேரத்தில் முகிலனின் கைபேசி அடித்தது. கேள்வியிலிருந்து தப்பித்த நிம்மதியில், கூட்டத்தில் எடுக்கக் கூடாது என்ற விதியை மறந்து அவர் எடுத்துவிட்டார். மனைவி ஓவியா பேசினாள். பல் மருத்துவரான அவளுக்கு அன்று விடுப்பு.

“ஏங்க, ஹால்ல பாம்பு.”

“நீ எங்க இருக்க?”

“பாத்ரூம்ல. கதவைச் சாத்திட்டு, கீழ சந்துல ஈரத் துண்டைச் செருகியிருக்கேன்.”

“எவ்வளவு பெருசு இருக்கும்?”

“போய் அளந்துட்டு வந்து சொல்லட்டுமா?”

ஓவியா நிதானமாகத்தான் பேசினாள். பல் பிடுங்கும்போதும் அவள் குரல் அப்படித்தான் இருக்கும். தீயணைப்பு நிலையத்துக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டாளாம். அவர்கள் வண்டி ஊரின் மறுகோடியில் இருந்ததால், பக்கத்தில் இருக்கும் சஹானா மேடத்தை அனுப்புவதாகச் சொன்னார்களாம். சஹானா கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். வனத்துறை உரிமத்தோடு பாம்பு பிடிப்பவர்.

“கிளம்பிட்டேன், சீக்கிரமே வந்துடறேன்னு சொன்னாங்க. அப்புறம் ஆளையே காணோம். நம்பரை அனுப்பறேன், நீங்க கூப்பிட்டுப் பாருங்க. என் போன்ல சார்ஜ் கம்மியா இருக்கு.”

முகிலன் சஹானாவை அழைத்தார்.

“வாய்க்கால் சந்திப்புல நிக்கிறேன் சார்,” என்றார் சஹானா. “ஸ்கூட்டர்ல தனியா வந்தேன். இன்னொரு அரை வந்தாத்தான் சிக்னல் விழும்.”

முகிலனின் வீடு கால்வாய்க்கு அப்பால் இருந்த புதிய குடியிருப்பில் இருந்தது. அங்கே போக அந்த ஒரு சந்திப்புதான் வழி. மதிய வெயிலில் அந்தப் பக்கம் கார் வருவதே அபூர்வம். வீட்டு மனை வாங்கும்போது, நெரிசலே இல்லாத இடம் என்று முகிலன்தான் ஓவியாவிடம் அதைப் பெருமையாகக் காட்டியிருந்தார்.

“யாருமே வரலையா?”

“ஒருத்தர் வந்தார். பின்னாடி பெட்டியில என்னம்மான்னு கேட்டார். காலையில ஒரு வீட்டுல பிடிச்ச நல்ல பாம்பு சார், இன்னும் காட்டுல விடலை. அதைச் சொன்னேன். வண்டியைத் திருப்பிட்டுப் போயிட்டார்.”

“ஏன் மேடம் அதைச் சொன்னீங்க?”

“பக்கத்துல நிக்கிறவங்க கேட்டா சொல்லணும் சார். உரிமத்துலயே அப்படித்தான் போட்டிருக்கு.”

“ஸ்கூட்டரை அங்கயே விட்டுட்டு ஆட்டோவுல வாங்களேன்.”

“ஆட்டோவுக்குப் போன் பண்ணினா அவங்களும் பெட்டியில என்னன்னுதான் கேக்கிறாங்க.”

சாலையைத் தாண்டும்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லலாம். ஆனால் சிவப்பில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாலும் அது மீறல்தான். கேமரா பார்த்துவிடும். வண்டி ஒரு வாரத்துக்குப் பூட்டிக்கொள்ளும். அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்ததும் முகிலன்தான்.

ஆணையரிடம் இரண்டு வார்த்தையில் விஷயத்தைச் சொல்லிவிட்டு அவர் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினார். அங்கே பர்வீன் பணியில் இருந்தாள். ஐந்து வருடமாகத் திரைகளைப் பார்த்துப் பார்த்து, எதற்கும் பதறாத பெண்.

“பர்வீன், வாய்க்கால் சந்திப்பைக் கையால திற.”

அவள் தட்டிப் பார்த்தாள். “அங்க வண்டியே இல்லைன்னு காட்டுது சார்.”

“கேமராவுல பாரு.”

கேமராவில் சஹானா தெளிவாகத் தெரிந்தார். தலைக்கவசத்தைக் கழற்றி, அதனால் விசிறிக்கொண்டிருந்தார். திரையின் ஓரத்தில் ‘காத்திருக்கும் வண்டிகள்: இல்லை’ என்று பச்சை எழுத்தில் இருந்தது.

“வண்டி இல்லாத சிக்னலைத் திறக்க சீர் விடாது சார். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டின்னா விடும். பாம்பு பிடிக்கிறவங்க ஸ்கூட்டர் அந்த வகையில இல்ல.”

“சேர்த்துடு.”

“அதுக்குக் கமிட்டி கூடணும். நீங்கதான் சார் தலைவர். உறுப்பினர் நாலு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும்னு போன மாசம் நீங்களே சொன்னீங்க.”

ஆணையத்தின் கார்கள் எல்லாம் மாடியில் சூரிய மின்சாரத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. ஏறி முடிக்கும்வரை அவற்றைக் கழற்ற முடியாது. முகிலனுக்கு ஆணையம் கொடுத்திருந்த காரும் அவற்றோடுதான் நின்றது. டாக்ஸி எதுவும் கால்வாய்ப் பக்கம் வர ஒப்பவில்லை.

“சார், என் ஸ்கூட்டர் கீழ இருக்கு,” என்றாள் பர்வீன். “நாம போய் அவங்க பக்கத்துல நின்னா ஒண்ணாயிடும்.”

“நாம ரெண்டு பேர் ஆச்சே.”

“ஒரு ஸ்கூட்டர்ல எத்தனை பேர் ஏறினாலும் அரைதான் சார்.”

முகிலன் இருசக்கர வண்டியில் ஏறிப் பதினைந்து வருடம் இருக்கும். கல்லூரி நாட்களில் ஓட்டியதுதான். பர்வீனின் பின்னால் உட்கார்ந்து, எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் தன் கோப்புப் பையையே கட்டிக்கொண்டார்.

பெரிய சாலையில் அரைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் முதல் சிக்னலிலேயே மாட்டிக்கொண்டார்கள். அங்கே நின்ற இருசக்கர வண்டிகள் ஒற்றைப்படை. பச்சை விழுந்ததும் மற்றவை எல்லாம் பறந்தன. கடைசியாக வந்த பர்வீனின் வண்டி மட்டும் மோட்டார் அணைந்து நின்றது. பின்னால் வந்து நின்ற காய்கறிக்காரர், தனக்கு ஒரு அரை தயாராக நிற்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

“தினமும் இப்படித்தானா?” என்று முகிலன் கேட்டார்.

“ஆமா சார். அதனாலதான் வீட்டுல இருந்து முன்னாடியே கிளம்பிடுவேன். எங்க தெருவுல ரெண்டு பேரு சிக்னல்லயே பழகி, கல்யாணமே பண்ணிக்கிட்டாங்க. இப்ப ரெண்டு பேரும் ஆளுக்கொரு வண்டியிலதான் எங்கயும் போறாங்க.”

“நீ ஒரு தடவைகூட என்கிட்ட சொல்லலையே?”

“நீங்க கேடயம் வாங்கின அன்னைக்குச் சொல்லலாம்னு வந்தேன். கேக் வெட்டிட்டு இருந்தீங்க.”

கைபேசியில் ஓவியாவின் செய்தி வந்தது. பாம்பு சோபாவுக்கு அடியில் போனமாதிரி சத்தம் கேட்டது, அல்லது அது குளிர்சாதனப் பெட்டியின் சத்தமாகவும் இருக்கலாம், பசிக்கிறது என்று எழுதியிருந்தாள்.

வாய்க்கால் சந்திப்பு கண்ணில் தெரிந்தது. சஹானாவின் ஸ்கூட்டரும் அதன் பின்னிருக்கையில் கட்டியிருந்த பெட்டியும் தெரிந்தன. முகிலன் கையை உயர்த்தி ஆட்டினார். அதே நேரத்தில் இடதுபுறச் சந்திலிருந்து ஒரு பழைய மொபெட் வெளியே வந்தது. அதன்மேல் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு முதியவர் இருந்தார். அவர் நேராக சஹானாவின் பக்கத்தில் போய் நின்றார். பெட்டியைக் காட்டி ஏதோ கேட்டார். சஹானா பதில் சொன்னார். முதியவர் தலையை ஆட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

பச்சை விழுந்தது. இருவரும் போய்விட்டார்கள்.

பர்வீன் வந்து சேர்ந்தபோது சிவப்பு. ஸ்கூட்டர் அணைந்தது. சாலையில் வேறு யாரும் இல்லை.

“நல்லது சார், அவங்க போயிட்டாங்க,” என்றாள் பர்வீன்.

“நாம?”

“நாம அரை.”

நிழலுக்கு ஒரு மரமும் இல்லை. முன்பு இருந்த புளியமரங்கள், சீரின் கேமராக்களை மறைக்கின்றன என்று வெட்டப்பட்டுவிட்டன. முகிலன் கோப்புப் பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார். பெரிய சாலையில் ஒரு கார் போனது. அப்புறம் இன்னொன்று. எந்தத் தடையும் இல்லாமல், அவர் வடிவமைத்த வேகத்தில், கச்சிதமாகப் போயின.

சற்று நேரத்தில் ஓவியா கூப்பிட்டாள். அவள் குரல் இப்போது ஹாலிலிருந்து வந்தது.

“பிடிச்சாச்சு. சாரைப் பாம்பாம், விஷமே இல்லையாம். எலி தேடிக்கிட்டு வந்திருக்கு. நம்ம வீட்டுல எலி இருக்குன்னு அந்தப் பாம்புக்குத் தெரிஞ்சிருக்கு, உங்களுக்குத் தெரியலை. நீங்க எங்க இருக்கீங்க?”

“சிக்னல்ல.”

அவள் சிரித்தாள். நெடுநேரம் சிரித்தாள். கைபேசியில் சார்ஜ் தீர்ந்து சிரிப்பு பாதியில் நின்றது.

எதிர்ப்பக்கச் சிக்னலில் அந்த மொபெட் மறுபடியும் தெரிந்தது. பக்கத்தில் பால்கேன் கட்டிய ஒரு பைக் நின்றது. இரண்டும் சேர்ந்து பச்சையில் இந்தப் பக்கம் வந்தன. பால்காரர் போய்விட்டார். முதியவர் வண்டியைத் திருப்பி, பர்வீனின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“ஏனுங்க தம்பி, நீங்களும் அக்கட்டதான் போகோணுமா?”

“ஆமாங்க. நீங்க இப்பத்தானே அங்க போனீங்க?”

“போயிட்டு வந்துட்டனுங்க. இப்ப உங்களோட போறேன்.”

“உங்களுக்கு அந்தப் பக்கம் என்ன வேலை?”

“எனக்கு எந்தப் பக்கமும் சோலி இல்லீங்க,” என்றார் அவர். பெயர் ரமேஷ் என்று சொன்னார். அந்தக் காலத்துப் பெயர். “வூட்டுக்காரி போயி மூணு வருசமாச்சு. பையன் கனடாவுல. வூட்டுல சும்மா உக்காந்துட்டு இருந்தா யாருங்க பேசறா? இங்க வந்தா எந்நேரமும் யாராச்சு ஒருத்தரு தனியா நிப்பாங்க. கூடப் போயி அக்கட்ட விட்டுட்டு, அங்க நிக்கறவங்களோட திரும்பி வருவேன். பகல்ல இந்தச் சந்திப்பு, சாயங்காலம் ஆஸ்பத்திரிப் பக்கம். அங்க ராத்திரி டூட்டி நர்சுப் புள்ளைங்க வருவாங்க.”

“இப்ப போனாங்களே, அந்த மேடத்தோட பெட்டியில…”

“நல்ல பாம்புன்னு சொன்னுச்சுங்க. பெட்டிக்குள்ளதான இருக்குது? எனக்கு அந்தப் பொண்ணு கூட ஒரு நிமிசம் பேசக் கெடைச்சுது. போன வாரம் இப்படித்தான் நின்னுட்டுப் போயி, ஒரு வூட்டுல நாய் செத்துப்போச்சாமா. கடி வாங்கிருச்சு. அதைச் சொல்லிச் சங்கடப்பட்டுச்சு.”

முகிலன் தரையைப் பார்த்தார். பர்வீன் முகிலனைப் பார்த்தாள்.

“இந்த அரைக் கணக்கு போட்ட ஆளை என்ன பண்ணலாம்னு நினைக்கிறீங்க?” என்று அவர் கேட்டார். திட்டு வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் கேட்டார்.

“அந்த மனுசன் நல்லா இருக்கோணுமுங்க,” என்றார் ரமேஷ். “அவரு போடலீன்னா என்ற பக்கத்துல யாருங்க வந்து நிக்கப்போறா? நானு வந்து நின்னா போதும், சனங்க மொகம் மலருது. இத்தனை வயசுல இப்படி யாருக்குக் கெடைக்குது சொல்லுங்க.”

பச்சை விழுந்தது. மூன்று பேரும் இரண்டு அரைகளாகச் சாலையைக் கடந்தார்கள். தான் யார் என்பதை முகிலன் சொல்லவில்லை.

மறுநாளே அவர் ஆணையரிடம் போனார். சஹானா சிக்னலில் நின்று தாமதமாகப் போனதால் நாய் செத்த கதையைச் சொன்னார். டூவீலரின் மதிப்பை ஒன்றாக்க வேண்டும் என்றார்.

“காருக்கும் ஒண்ணு, பைக்குக்கும் ஒண்ணா? கார்க்காரங்க சும்மா இருப்பாங்களா?” என்றார் ஆணையர்.

“ரோட்டுல எவ்வளவு இடம் பிடிக்குதுன்னு பார்க்கிறது ரோடு போடறவங்க கணக்கு மேடம். யாரு நிக்கிறாங்கன்னு பார்க்க வேண்டியது சிக்னலோட கணக்கு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிட்டேன்.”

கமிட்டி மூன்று முறை கூடியது. ஒரு உறுப்பினர் முக்கால் என்று வைத்துக்கொள்ளலாம் என்று சமரசம் பேசினார். முக்காலும் முழு எண்ணில் பூஜ்யம்தான் என்பதைப் பர்வீன் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. முடிவில் ஒன்று என்றே தீர்மானமானது. ஒரு திங்கட்கிழமை காலை சீர் அந்த நகரத்தின் இருசக்கர வண்டிகளை முதல்முறையாகப் பார்த்தது.

பார்த்த மாத்திரத்தில் எண்கள் கவிழ்ந்தன. காத்திருப்பே இல்லாத நகரம் ஒரே நாளில் மாநிலத்திலேயே அதிகம் காத்திருக்கும் நகரமானது. உண்மையில் எல்லோரும் முன்பைவிடச் சீக்கிரமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் அதுவரை நின்றும் நிற்காதவர்களாக இருந்த அத்தனை பேரும் இப்போது கணக்கில் வந்துவிட்டார்கள். தலைமைச் செயலகத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். ஆணையர் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார். அது அங்கே யாருக்கும் புரியவில்லை. கேடயத்தைத் திருப்பி அனுப்பும்படி உத்தரவு வந்தது. முகிலனை வாகன நிறுத்துமிடப் பிரிவுக்கு மாற்றினார்கள். காரையும் எடுத்துக்கொண்டார்கள்.

“நிறுத்துமிடத்துல டூவீலருக்கு எவ்வளவு இடம்?” என்று ஓவியா கேட்டாள்.

“இன்னும் பார்க்கலை,” என்றார் முகிலன்.

“பார்த்துட்டு என்கிட்ட முதல்ல சொல்லுங்க.” அவள் ஒரு ஸ்கூட்டர் வாங்கியிருந்தாள். காலையில் கணவரைப் பேருந்து நிறுத்தத்தில் இறக்கிவிட்டு மருத்துவமனைக்குப் போவாள்.

புதிய வேலையில் முகிலன் ஊரெல்லாம் நடந்தே பார்க்க வேண்டியிருந்தது. ஒருநாள் மதியம் வாய்க்கால் சந்திப்புக்கு வந்தார். ஒரு பெண் தனியாக ஸ்கூட்டரில் வந்தாள். சிக்னல் உடனே திறந்தது. அவள் வேகத்தைக்கூடக் குறைக்காமல் போனாள். முகிலனுக்கு மனம் நிறைந்தது. பின்னால் ஒரு இளைஞன் பைக்கில் வந்தான். அவனுக்கும் திறந்தது.

அப்போதுதான் ஓரத்தில் நின்ற மொபெட்டைக் கவனித்தார். ரமேஷ் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். சட்டை அதே வெண்மையில் இருந்தது. சிக்னல் அவருக்காகப் பச்சையாவதும், அவர் நகராததால் சலித்துச் சிவப்பாவதுமாக இருந்தது.

முகிலன் பக்கத்தில் போனார். “ஐயா, பச்சை விழுந்திருக்கே. போகலையா?”

“தெரியுதுங்க தம்பி,” என்றார் ரமேஷ். “எங்க போறதுன்னுதான் தெரியலீங்க.” பிறகு முகத்தை உற்றுப் பார்த்து, “அன்னைக்கு அந்தப் புள்ளை வண்டில பின்னாடி உக்காந்து வந்தவரு தானுங்களே?” என்றார்.

“ஆமாங்க.”

“இப்ப எல்லாரும் தனித்தனியாவே போயிக்கறாங்க. நல்லதுதானுங்க. ஆஸ்பத்திரிப் புள்ளைங்களும் நேரத்துக்குப் போயிருதுங்க. நேத்து ஒண்ணு மட்டும் வண்டியை நிறுத்தி, சாப்பிட்டீங்களா தாத்தான்னு கேட்டுச்சு. பின்னாடி கார்க்காரன் ஆரன் அடிச்சான். போயிருச்சு.”

முகிலனின் கைபேசி அடித்தது. பர்வீன் பேசினாள்.

“சார், வாய்க்கால் சந்திப்புல நீங்க நிக்கிறது கேமராவுல தெரியுது. பக்கத்துல ஒரு வண்டி பச்சையிலும் நகராம நிக்குது. சீர் அதைப் பூட்டச் சொல்லுது. ஆளை ஏத்தறதுக்கு நிக்கிறதா இருந்தா விட்டுடலாம். என்னன்னு போடட்டும்?”

முகிலன் ரமேஷைப் பார்த்தார். மொபெட்டின் பின்னிருக்கையைப் பார்த்தார். அதில் தூசி படிந்திருந்தது.

“ஆளை ஏத்துறாருன்னு போடு,” என்று சொல்லிவிட்டு, கைக்குட்டையால் இருக்கையைத் துடைத்து ஏறி உட்கார்ந்தார்.

“எங்கீங்க தம்பி போகோணும்?”

“இந்த ஊர்ல எங்கெங்க வண்டி நிறுத்த இடம் இருக்குன்னு பார்க்கணுமுங்க. எல்லாத் தெருவுக்கும் போகணும். நாளைக்கும் போகணும்.”

“அது நெறைய நாளாகுமுங்களே.”

“ஆகுமுங்க.”

ரமேஷ் கைப்பிடியை முறுக்கினார். வண்டி அசையவில்லை. பேசிக்கொண்டிருந்ததில் சிவப்பு விழுந்திருந்தது.

“செத்த இருங்க தம்பி,” என்று அவர் பின்னால் திரும்பி, தன் மகன் கனடாவில் பனியில் பைக் ஓட்டி விழுந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.